பழைய பிக்கப்புக்கு வாரன்டியை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவடை நெருங்கிவிட்டால் நம் பக்கத்தில் பழைய பிக்கப் (சிறிய சரக்கு வண்டி) விளம்பரங்கள் பெருகிவிடும். கடைத்தெருத் தட்டிகளில் மட்டுமல்ல, தங்கள் நாளிதழின் டெல்டா பதிப்பிலும் வருகின்றன. ‘சிங்கிள் ஓனர்’, ‘எஃப்சி கரன்ட்’ (தகுதிச் சான்று நடப்பில் உள்ளது), ‘இன்ஜினுக்கு ஆறு மாத வாரன்டி’ என்று போட்டிருப்பார்கள். அந்த வாரன்டி எந்தப் பாகத்துக்கு உண்டு, எதற்கு இல்லை என்று ஒரு விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. வண்டியோடு தரும் பேப்பரிலும் அது இருப்பதில்லை. கடைக்காரர் வாயால் சொல்வதுதான் எல்லாம். அதை எழுத்தில் தர வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இந்த வண்டிகளை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பையன்கள். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வீட்டு நகையை அடகு வைத்து, மீதிக்கு ஃபைனான்ஸ் போட்டு எடுக்கிறார்கள். வண்டி படுத்துவிட்டாலும் டியூ நிற்காது.

டெல்டாவில் ஓடிய வண்டிக்கென்று சில கோளாறுகள் உண்டு. முதலாவது உப்பு. நாகப்பட்டினம், பழையாறு துறைமுகங்களில் மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் லோடு பாடியின் இடுக்கு வழியாக இறங்கி, அடிச்சட்டமான சேசிஸில் ஊறும். வேதாரண்யத்தில் உப்பு ஏற்றிய வண்டிக்கும் இதே கதிதான். விற்பதற்கு முன்னால் அடியில் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டால் பார்வைக்குப் புது வண்டி. பின்சக்கர ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட் பக்கத்தில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். அரித்த இடம் பொத்தென்று கேட்கும், பெயின்ட்டோடு சேர்ந்து துரு செதில் செதிலாக உதிரும்.

அடுத்தது தண்ணீர். லோடு இறக்கிவிட்டு வந்த சூட்டோடு வண்டியை ஆற்றுப் படித்துறையில் இறக்கிக் கழுவுவது நம் ஊர்ப் பழக்கம். பின் ஆக்சிலுக்கு மேலே பிரீதர் என்று காற்று போக ஒரு சின்ன வழி உண்டு. சூடான ஆக்சில் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அந்த வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் போனாலும் அப்படித்தான். டிரெயின் நட்டை லேசாகத் தளர்த்தி இரண்டு சொட்டு ஆயிலைக் கையில் விட்டுப் பாருங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பேரிங்கும், பின்சக்கரத்தைச் சுழற்றும் கிரவுன் பினியன் பற்சக்கரங்களும் அதிக நாள் தாங்காது.

ஓவர்லோடு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1,300 கிலோ ஏற்றக்கூடிய வண்டியில், 40 கிலோ சிப்பமாக (மூட்டையாக)க் கணக்குப் போட்டால் 32 சிப்பம்தான் ஏற்றலாம். களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்குப் போகும் வண்டிகளைப் பார்ப்பவர்களுக்கு நிலவரம் தெரியும். பாரம் தாங்க எக்ஸ்ட்ரா ஸ்பிரிங் பட்டை சேர்த்த வண்டி என்றால் கிளட்ச், கிரவுன், சேசிஸ் மூன்றையும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் வண்டிகளில் புதிதாக ஒரு தொல்லை. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் சைலன்சர் வழியில் இருக்கிறது. சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் எங்கும் நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்குள் வயலுக்கும் களத்துக்கும் மட்டும் ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் விளக்கு எரியும். சில இடங்களில் ஃபில்டரையே கழற்றிவிட்டு, விளக்கும் எரியாமல் செய்து விற்கிறார்கள். சாவியை ஆன் செய்ததும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து பிறகு அணைய வேண்டும். ஏதாவது ஒன்று எரியவே இல்லை என்றால் அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.

இனி என் தம்பிக்கு நடந்தது. வண்டியைச் சொந்தமாக ஓட்டிப் பிழைக்கத்தான் ஒரு பிக்கப் வாங்கினான். கடையின் பெயர் இங்கே வேண்டாம். “தம்பி, இன்ஜின்ல கைவைக்கவே வேணாம், ஆறு மாசத்துக்கு நான் பொறுப்பு” என்றார் கடைக்காரர். குறுவை நெல் ஏற்றிக்கொண்டு போகையில் நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜின் ஓட நின்றுகொண்டிருந்தபோது டெம்பரேச்சர் முள் ஏறியது, வெள்ளைப் புகை கக்கியது. டோ செய்து கொண்டுபோய் இறக்கிப் பார்த்தால், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருந்தது. ரேடியேட்டர் கண்களில் நெல் சுணையும் தூசும் அப்பி, காற்றே புகாதபடி அடைத்திருந்தது. மெக்கானிக் ஹெட்டைத் தூக்கிக் காட்டியதை நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய கேஸ்கட் மேல் பேஸ்ட் தடவிப் பூட்டியிருந்தார்கள். ஹெட்டை முன்பே லேத்தில் கொடுத்து ஃபேஸிங் எடுத்த (மட்டமாகச் சீவிய) தடமும் இருந்தது. அதாவது இந்த இன்ஜின் விற்பனைக்கு முன்பே ஒருமுறை சூடேறிப் படுத்திருக்கிறது.

கடைக்குப் போனோம். “ஹெட் கேஸ்கட்லாம் வாரன்டில வராது தம்பி, நாங்க சொன்னது பிளாக்குக்கு” என்று சொல்லிவிட்டார். “ஹெட் இல்லாம இன்ஜின் ஓடுமாண்ணே?” என்று தம்பி கேட்டதற்குப் பதில் இல்லை. அப்புறம் ஓவர்லோடு அடித்துவிட்டாய் என்றார். கடைசியாக, “நாங்க நடுவுல நிக்கிறவங்க, பழைய ஓனரைக் கேளு” என்றார். தம்பி கையில் இருந்தது ஒரு டெலிவரி நோட். வண்டியை உள்ளபடியே பார்த்துத் திருப்தியோடு எடுத்துக்கொண்டதாக அதில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். வாரன்டி பற்றி ஒரு எழுத்து கிடையாது. பில்லும் கிடையாது. ஹெட் வேலைக்கான செலவு முழுக்க அவன் தலையில் விழுந்தது, அந்தக் குறுவை வாடகையும் போனது.

கம்பெனி வாரன்டி மீதி இருக்கிறது என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. அது பொதுவாக முதல் விற்பனைத் தேதியிலிருந்து காலம் அல்லது கிலோமீட்டர், எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். தவணை சர்வீஸ்கள் நேரத்துக்குச் செய்திருக்க வேண்டும். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ரப்பர் பாகங்கள் போன்ற தேய்மானச் சாமான்களுக்குக் கிடைக்காது. எக்ஸ்ட்ரா பட்டை போட்ட வண்டிக்கும் டிபிஎஃப் கழற்றிய வண்டிக்கும் அந்த வாரன்டியை மறந்துவிடலாம். சேசிஸ் நம்பரைக் கொண்டுபோய் அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டால் எத்தனை கிலோமீட்டரில் என்ன வேலை பார்த்தார்கள் என்ற பதிவு இருக்கும். மீட்டரைத் திருத்தியிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டபோதுதான் சட்டம் நம்மைக் கைவிடவில்லை என்று புரிந்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வர்த்தக நோக்கத்துக்குப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வர்த்தக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது. தன் பிக்கப்பைத் தானே ஓட்டிப் பிழைக்கிறவன் நுகர்வோர்தான். சரியாகச் சோதித்துப் பார்க்காமல் வாரன்டி கொடுப்பதையும், பில் தராமல் விற்பதையும் அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். தம்பி கடைக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறான், இன்னும் பதில் இல்லை. மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிய ரிப்போர்ட்டும், கழற்றிய பழைய கேஸ்கட்டும் பத்திரமாக இருக்கின்றன.

‘நடுவில் நிற்கிறவர்’ என்ற பேச்சும் இப்போது செல்லாது. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர், பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததை இணையவழியில் தெரிவித்துவிட்டால், அதன்பின் டீலரே அந்த வண்டியின் உரிமையாளராகக் கருதப்படுவார். ஆனால் இந்த விதிகள் பேப்பர் பொறுப்பைத்தான் பேசுகின்றன. இன்ஜின் பொறுப்பை யாரும் கேட்கவில்லை.

அதனால் போக்குவரத்துத் துறைக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட அதிகாரிகளுக்கும் என் வேண்டுகோள் இது. அங்கீகாரம் பெற்ற டீலர் விற்கும் ஒவ்வொரு சரக்கு வண்டிக்கும் ஒரு பக்க வாரன்டித் தாளைக் கட்டாயமாக்குங்கள். ஹெட், கேஸ்கட், டர்போ, இன்ஜெக்டர், கியர்பாக்ஸ், கிரவுன் இவற்றில் எது உள்ளே, எது வெளியே என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். எந்தத் தேதிவரை, எத்தனை கிலோமீட்டர்வரை, லேபர் யார் கொடுப்பது என்பதும் வர வேண்டும். மீன் லோடு ஏற்றியதா, வெள்ளத்தில் நின்றதா, சேசிஸில் வெல்டிங் உண்டா, ஹெட் வேலை பார்த்ததா என்ற நான்கு கேள்விக்கு டீலர் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சான்று இல்லாத கடைகள் எத்தனை என்று ஒருமுறை கடைத்தெருவில் இறங்கிப் பாருங்கள்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ‘இன்ஜின் வாரன்டி’ என்று விளம்பரம் கொடுக்க வருகிறவரிடம் அங்கீகாரச் சான்று எண்ணைக் கேட்டு வாங்கி, விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். வருகிற குறுவை அறுவடைக்கு முன்பே இதைத் தொடங்கினால், இந்த ஆண்டு வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொரடாச்சேரி, திருவாரூர் மாவட்டம்