ரம்பமும் கயிறும் முதலில் வேண்டும்

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு முதல்நிலை மீட்பாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும் செய்தியைப் படித்தேன். நல்லது. அந்தப் பட்டியலில் முன்னாள் படைவீரர்களையும் தேடிச் சேர்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூரைப் புரட்டிப்போட்ட காலையில், எங்கள் தெருவை அடைத்துக் கிடந்த வேப்பமரத்தை அகற்ற வெளியிலிருந்து யாரும் வரவில்லை. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர்தான், அறுந்து தொங்கிய மின்கம்பியிடம் பிள்ளைகள் போகாமல் தடுத்து, எங்களை இரண்டிரண்டு பேராக நிறுத்தி மரத்தை அறுக்க வைத்தார். ரம்பம் படகுத் தச்சருடையது. கயிறோ கிணற்றுக் கயிறு!

செப்டம்பர் முடிவதற்குள் வார்டுதோறும் மரம் அறுக்கும் இயந்திரமும் நைலான் கயிறும் தந்து, அவற்றை இத்தகையவர்கள் பொறுப்பில் விட மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்