பாபியிடம் யாரும் கேட்கவில்லை

அன்புள்ள கதிருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழை வந்தால் தலைகாட்டுகிறது. நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். ரப்பர் படகில், தலையில் ஹெல்மெட்டுடன், முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருக்கிறாய். ஜார்ஜியாவுக்கும் தென் கரோலினாவுக்கும் எல்லையாக ஓடும் சட்டூகா ஆறு என்று எழுதியிருந்தாய். எங்கேயோ கேட்ட பெயராயிற்றே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. பிறகுதான் பிடிபட்டது. 'டெலிவரன்ஸ்' படம் எடுத்த ஆறு அல்லவா அது!

1972இல் வந்த படம். ஐம்பது ஆண்டுகளாக அதன் பெயரை மட்டும் தெரிந்துவைத்திருந்தேன். பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் என் அறை நண்பனின் அண்ணன் அமெரிக்காவில் அதைப் பார்த்துவிட்டுக் கதையைக் கடிதத்தில் எழுதியிருந்தார். நண்பன் சாப்பாட்டுக் கூடத்தில் அதை நடித்தே காட்டினான். காட்டில் ஒருவனைப் பன்றி போலக் கத்தச் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கத்தியும் காட்டினான். சோற்றுத் தட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். நானும்தான்.

போன வாரம், நீ வாங்கித் தந்த டேப்லெட்டில் ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படம்தான், எனக்கு இரண்டு இரவு பிடித்தது.

நகரத்துக்காரர்கள் நான்கு பேர், அணை கட்டி மூழ்கடிக்கப்போகிற ஓர் ஆற்றில் கடைசியாக ஒருமுறை படகு விட வருகிறார்கள். பெட்ரோல் போடும் இடத்தில் ட்ரூ என்பவன் கிட்டாரை மீட்ட, திண்ணையில் இருக்கும் ஒரு பையன் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தில் பதில் சொல்கிறான். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசிப்பது போலத் தொடங்கி, கடைசியில் பையனின் வேகத்துக்கு ட்ரூ ஈடுகொடுக்க முடியாமல் சிரித்துவிடுகிறான். மகிழ்ச்சியோடு கை நீட்டுகிறான். பையன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். உண்மையில் அந்தப் பையனுக்கு பாஞ்சோ வாசிக்கத் தெரியாது. உள்ளூர்க் கலைஞர் ஒருவர் அவன் பின்னால் ஒளிந்துகொண்டு, சட்டைக்குள் கை விட்டு வாசித்தாராம். அந்தக் கையைக் கண்டுபிடிக்க இரண்டு முறை திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அகப்படவில்லை. மெட்டு ஆர்தர் ஸ்மித் என்பவருடையது. அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். அவர் வழக்குப் போட்டு வென்றார்.

பிறகு, காட்டில் மலைவாசிகள் இருவர் வழிமறிக்கும் அந்தக் காட்சி. பின்னணி இசை இல்லை. காடும் ஆட்களின் குரலும்தான். எட் என்பவனைக் கழுத்தில் பெல்ட் போட்டு மரத்தோடு கட்டிவிடுகிறார்கள். அவன் கண்ணெதிரே, நால்வரில் ஒருவனான பாபிக்கு அந்தப் பாலியல் வன்கொடுமை நடக்கிறது. பாதியில் நிறுத்திவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்ன, முகம் இப்படி இருக்கிறது?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். மீதியை மறுநாள்தான் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் கேட்ட சிரிப்பு அன்றிரவெல்லாம் காதில் இருந்தது.

பர்ட் ரெனால்ட்ஸ் நடித்த லூயிஸ் அம்பெய்து அந்த இருவரில் ஒருவனைக் கொன்றுவிடுகிறான். பிணத்தை என்ன செய்வது என்று பெரிய வாக்குவாதம். போலீசிடம் போவோம் என்கிறான் ட்ரூ. அணைத் தண்ணீர் வந்தால் எல்லாம் அடியில் போய்விடும், புதைத்துவிடலாம் என்கிறான் லூயிஸ். வாக்கெடுப்பு நடக்கிறது. வெளியே தெரியக் கூடாது என்கிறான் பாபி. கையாலேயே மண்ணைத் தோண்டிப் புதைக்கிறார்கள். சட்டம் பேசுகிறார்கள், ஆறு பேசுகிறார்கள். பாபியின் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. எட் செங்குத்தான பாறையில் ஏறுவது, லூயிஸின் தொடை எலும்பு முறிவது எல்லாம் திறமாக எடுத்திருக்கிறார் இயக்குநர் ஜான் பூர்மன். என் கவனம் அதிலெல்லாம் போகவே இல்லை. பிரியும்போது எட்டிடம் பாபி, இனிக் கொஞ்ச நாள் உன்னைப் பார்க்க மாட்டேன் என்று நினைக்கிறேன் என்கிறான். அவ்வளவுதான்.

பாபியாக நடித்த நெட் பீட்டிக்கு அதுதான் முதல் படம். அந்தப் பன்றி வசனத்தைப் பிறகு பல ஆண்டுகள் கண்ட இடத்திலெல்லாம் அவரைப் பார்த்துக் கத்தினார்களாம். 1989இல் அதைப் பற்றி 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் அவரே எழுதியிருக்கிறார். எங்கள் கூட்டம் பாளையங்கோட்டையில் மட்டும் இருக்கவில்லை.

கதையில் ஆறு மூழ்குகிறது; நிஜத்தில் சட்டூகாவை 1974இல் சட்டம் போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். நீ படகு விட முடிந்தது அதனால்தான். ஆனால் அந்த மலை மக்களைக் காட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பல்லில்லாதவர், படிக்காதவர் என்றால் பயப்பட வேண்டியவரா? உங்கள் படகோட்டி அந்த ஊர்க்காரராக இருந்தால் கேட்டுப் பார், நிறையச் சொல்லுவார்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், நீ கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வாரம், சொல்லாமல் கொள்ளாமல் இரவு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? வெள்ளைச் சட்டையில் மேல் பொத்தான்கள் மூன்று இல்லை. பஸ்ஸில் நெரிசல் என்றாய். காலைப் பஸ்ஸில் வந்திருந்தால்கூட நம்பியிருப்பேன். நள்ளிரவு பஸ்ஸில் ஏதடா நெரிசல்? இரண்டு நாளும் நீ மோர்ச்சோறு தவிர ஒன்றும் தொடவில்லை. அம்மா பொத்தான் தைத்தாள். நூலை நறுக்கக் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தது நான்தான். "எல்லாக் கல்லூரியிலும் இருப்பதுதான், நாலு நாளில் பழகிவிடும்" என்று சொல்லி, ஞாயிறு இரவு கையில் இருநூறு ரூபாயைத் திணித்து பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நீ என்னைப் பார்க்காமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாய்.

என்ன நடந்தது என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன் என்பதுதான் உண்மை. சொல்லப் பிடிக்கவில்லையென்றால் இப்போதும் சொல்ல வேண்டாம். உனக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது, உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமையில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது வழக்கம் போல இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா