சீசன் டிக்கெட் புதுப்பிப்பு குறித்தும், இந்த லீக் சீசனில் நம் கால்பந்து கிளப் நடந்துகொண்ட விதம் குறித்தும் புகார்

பெறுநர்:
தலைமை நிர்வாகி மற்றும் ரசிகர் தொடர்புப் பிரிவு

பொருள்: சொன்ன வாக்குகளைக் காப்பாற்றாதது, தேதி மாற்றிய ஆட்டங்களுக்குப் பணம் தராதது, கட்டண உயர்வு

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சொந்த மைதான ஆட்டங்களைச் சீசன் முழுக்கப் பார்ப்பதற்கான டிக்கெட்டை அடுத்த சீசனுக்குப் புதுப்பிக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. லீகில் ஆட்டங்கள் பாக்கி இருந்தபோதே, கீழ் டிவிஷனுக்கு இறங்குவோமா மாட்டோமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் அது வந்தது. கட்டணத்தை ஏற்றியிருக்கிறீர்கள். குறிப்பிட்ட தேதிக்குள் கட்டாவிட்டால் இருக்கை வேறு ஒருவருக்குப் போய்விடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த சீசன் எப்படிப் போனது என்பதைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை.

அணி தோற்றதற்காக நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வெற்றிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, டிக்கெட் வாங்குகிற எவரும் அதை எதிர்பார்த்து வாங்குவதும் இல்லை. என் புகார், சீசன் தொடங்கும் முன் நீங்களே வாய்விட்டுச் சொன்ன விஷயங்களைப் பற்றியது. கோல் போடும் முக்கிய ஸ்ட்ரைக்கரை விற்க மாட்டோம், விற்க வேண்டி வந்தாலும் ஈடான ஆளைக் கொண்டு வந்த பிறகுதான் விற்போம் என்றீர்கள். முன்னேறி ஆடும் அணியைப் பார்ப்பீர்கள் என்றீர்கள். கிளப்பின் இளைஞர் பயிற்சி அகாடமியில் வளர்ந்த பையன்களுக்கு வாய்ப்பு தருவோம் என்றீர்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் எங்களில் பலர் பணம் கட்டினோம்.

நடந்தது என்ன? கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்க சீசன் நடுவில் வரும் பரிமாற்றக் காலத்தின் கடைசி நாளில் ஸ்ட்ரைக்கரை விற்றீர்கள். கடைசி நாள் என்பதால் வேறு ஆளைத் தேட நேரமே இல்லை. வேறு கிளப்பிலிருந்து இரவலாக வந்தவர் காயத்தோடு வந்தார், பாதி நாள் பெஞ்சில்கூட அவரைக் காணவில்லை. அதற்குள் பயிற்சியாளரையும் மாற்றிவிட்டீர்கள். எதிரணியை மைதானத்தில் அவர்கள் பாதியிலேயே மடக்கிப் பந்தைப் பறிப்பதற்காகச் சேர்த்த வீரர்களை, புதியவர் வந்து ஐந்து பேர் தடுப்பு வரிசைக்குப் பின்னால் முடக்கினார். அகாடமிப் பையன் ஒருவன் முதல் பதினொருவரில் இறங்கியது, சீசனின் கடைசி ஆட்டத்தில்தான். அன்று அவன் பந்தை வாங்கியவுடன் திரும்பி முன்னால் ஓடியதைப் பார்த்தபோது, இவனை ஏன் இத்தனை மாதம் உட்கார வைத்தார்கள் என்று என்னைச் சுற்றி இருந்த எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் எதிர்பார்க்கிறேன்.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு ஆட்டம் புரியாது என்ற தோரணையில்தான் கிளப் பேசி வருகிறது. எதிரணிக்கு கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து பந்தை உதைக்கும் வாய்ப்பு, கிடைத்தாலே எங்கள் கேலரியில் பேச்சு அடங்கிவிடும். பந்து கோலின் கிட்டக் கம்பத்தை நோக்கி வரும். நம் வீரர்கள் ஆளைப் பிடிக்காமல் ஆளுக்கொரு இடத்தைக் காத்து நிற்பார்கள். அது தப்பான முறை அல்ல, பெரிய அணிகளும் அப்படி நிற்கின்றன. ஆனால் நின்ற இடத்திலிருந்து எம்புகிறவரைவிட ஓடி வந்து எம்புகிறவருக்கு உயரம் அதிகம் கிடைக்கும். அதற்காகத்தான் மற்ற அணிகள் இரண்டு மூன்று பேரைத் தனியாக ஒதுக்கி, தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர்களை ஓட விடாமல் வழி மறிக்கின்றன. நம் அணியில் அந்த வேலைக்கு ஒருவரும் இல்லை. கோல்கீப்பர் குத்தி வெளியே தள்ளிய பந்து கோலுக்கு முன்னால் உள்ள பெட்டியின் விளிம்பில் விழுந்தால் அங்கேயும் ஆள் இல்லை. ஒரே மாதிரி கோலை சீசன் ஆரம்பத்திலும் வாங்கினோம், சீசன் முடிவிலும் வாங்கினோம். இரண்டு பயிற்சியாளர்கள் இருந்தும் இதைச் சரி செய்யவில்லை என்றால், வாரம் முழுக்கப் பயிற்சியில் என்னதான் நடக்கிறது?

அப்புறம், ஒரு கோல் போட்டவுடன் பின்னால் போய் ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1 புள்ளி. மூன்று ஆட்டங்களை டிரா செய்வதும், ஒன்றில் ஜெயித்து இரண்டில் தோற்பதும் கணக்கில் ஒன்றுதான். டிராவுக்காக ஆடுவதைக் குறைக்கத்தான் இங்கிலாந்து லீகில் 1981-இல் மூன்று புள்ளி முறையைக் கொண்டு வந்தார்கள், பிறகு உலகமே அதை எடுத்துக்கொண்டது. நம் அணியோ முன்னிலையில் இருக்கும்போதே டிராவுக்கு ஆடியது. ஐந்து மாற்று வீரர்களை இறக்க விதி அனுமதிக்கிறது. கால் ஓய்ந்துபோன நடுக்கள வீரர்கள் இடுப்பில் கை வைத்து நிற்பது கேலரியின் கடைசி வரிசைக்கே தெரியும்போது, முதல் மாற்று ஆள் 80-ஆவது நிமிடத்துக்குப் பிறகுதான் எழுந்து காலை நீட்டி மடக்குவார். கடைசி நிமிடங்களில் நாம் இழந்த புள்ளிகள்தான் நம்மைப் பட்டியலின் அடியில் தள்ளின. கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் கடைசி நாளில் தப்பித்ததுகூட வேறொரு மைதானத்தில் வந்த முடிவால்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது உங்கள் மௌனம். 2014-15 சீசனில் ஜெர்மனியின் போருசியா டார்ட்முண்ட் கிளப் பட்டியலின் கடைசி இடம் வரை போனது. 2015 பிப்ரவரியில் சொந்த மைதானத்தில் ஆக்ஸ்பர்க் அணியிடம் தோற்ற இரவு, கோபத்தில் இருந்த ரசிகர்களிடம் கோல்கீப்பர் வைடன்ஃபெல்லரும் கேப்டன் ஹும்மெல்ஸும் நேரே போய்ப் பேசினார்கள். அந்த அணி ஏழாவது இடத்தில் சீசனை முடித்தது. இங்கிலாந்தில் 2009-இல் டாட்டன்ஹாம் அணியிடம் 9-1 என்று தோற்ற விகன் வீரர்கள், அங்கே வந்திருந்த தங்கள் ரசிகர்களுக்கு டிக்கெட் பணத்தைத் தாங்களே திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். அதே நாட்டில் 2019-இல் லெஸ்டரிடம் 9-0 என்று தோற்ற சவுத்தாம்ப்டன் அணியில், வீரர்களும் பயிற்சியாளர்களும் அன்றைய சம்பளத்தைத் தங்கள் கிளப்பின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். பணம் பெரிய விஷயமில்லை. தோல்வி தங்களுக்கும் வலித்தது என்று அவர்கள் ரசிகனிடம் காட்டினார்கள். இங்கே சொந்த மைதானத்தில் படுதோல்வி கண்ட அன்று நம் வீரர்களில் பாதிப் பேர் கேலரிப் பக்கம் திரும்பாமலேயே உள்ளே போய்விட்டார்கள். நிர்வாகத்தின் சார்பில் யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் கிளப் பக்கத்தில் வந்தது அடுத்த சீசன் ஜெர்ஸியின் விளம்பரம்.

டிக்கெட் வாங்கியவன் என்ற முறையில் எனக்கு நேரடியாக நஷ்டம் வந்த விஷயமும் ஒன்று உண்டு. ஒளிபரப்புக்காகச் சில சொந்த மைதான ஆட்டங்களை வார நாள் இரவுக்கு மாற்றினீர்கள். வேலைக்குப் போகிறவர்களால் அவற்றுக்கு வர முடியவில்லை. வர முடியாதவர்கள் செயலி வழியாக இருக்கையை மறுவிற்பனைக்கு விடலாம் என்று சொன்னீர்கள். ஆனால் தேதி மாறிய ஆட்டங்களுக்கு அந்தப் பொத்தானே வேலை செய்யவில்லை. புகார் கொடுத்தேன். ‘உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்ற தானியங்கி பதில் வந்தது. மீண்டும் எழுதியபோதும் அதே வரிகள்தான் வந்தன. ஆட்டங்களும் முடிந்துவிட்டன, சீசனும் முடிந்துவிட்டது, பரிசீலனை மட்டும் முடியவில்லை.

கட்டண உயர்வைப் பற்றி: 2016 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் நிர்வாகம் அடுத்த சீசனில் சில டிக்கெட்டுகளை 77 பவுண்டுக்கு உயர்த்துவதாகச் சொன்னபோது, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு உயர்வைக் கைவிட்டார்கள். அத்தனை பெரிய கிளப்பே ரசிகனின் பேச்சைக் கேட்டு இறங்கி வந்திருக்கிறது. இப்படி ஒரு சீசனைக் கொடுத்துவிட்டுக் கட்டணத்தை ஏற்றுவதற்கு உங்களுக்கு எந்த நியாயமும் இல்லை.

எனவே நான் கேட்பது இவை. தேதி மாற்றத்தால் வர முடியாமல், மறுவிற்பனை செய்யவும் முடியாமல் போன ஆட்டங்களுக்கான தொகையைத் திருப்பித் தாருங்கள், அல்லது புதுப்பிப்புக் கட்டணத்தில் கழியுங்கள். எனக்கு மட்டுமல்ல, பாதிக்கப்பட்ட எல்லா சீசன் டிக்கெட்காரர்களுக்கும். கட்டண உயர்வை நிறுத்துங்கள். புதுப்பிக்கும் கடைசித் தேதியைப் பரிமாற்றக் காலம் முடியும் வரை தள்ளி வையுங்கள், யாரை வாங்குகிறீர்கள், யாரை விற்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு நாங்கள் பணம் கட்டுகிறோம். அடுத்த சீசன் தொடங்கும் முன் விளையாட்டு இயக்குநரும் பயிற்சியாளரும் ரசிகர் கூட்டம் ஒன்றில் நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஸ்ட்ரைக்கரை ஏன் அந்த நாளில் விற்றீர்கள், அந்தப் பணம் எங்கே போனது என்பதில் அவர்கள் தொடங்கட்டும்.

என் கிளப் உறுப்பினர் எண்ணும் முந்தைய புகார்களின் நகல்களும் இத்துடன் உள்ளன. 15 நாட்களுக்குள் தானியங்கியாக அல்லாமல், ஒரு மனிதர் பெயர் போட்டு எழுதிய பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும் லீக் நிர்வாகத்திடமும் இந்தப் புகாரைக் கொண்டு செல்வேன்.

இப்படிக்கு,
வடக்கு கேலரி சீசன் டிக்கெட் ரசிகர்