கிணற்றுச் சாவியைத் தாருங்கள்: எங்கள் பேரூராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செயல் அலுவலர் அவர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் 24 குடும்பம் காய்கறி போடுகிற சானல்கரைத் தோட்டத்துப் பொதுக்கிணற்றின் மோட்டார் புரையை, அதாவது மோட்டார் அறையை, நீங்கள் பூட்டி இன்றோடு 61 நாள் ஆகிறது. யார் வந்து பூட்டினார்கள், என்ன சொல்லிப் பூட்டினார்கள், நாங்கள் எத்தனை மனு கொடுத்தோம் என்பதெல்லாம் உங்கள் ஃபைலிலேயே இருக்கிறது, அதை மறுபடி எழுதப் போவதில்லை. அந்தப் பூட்டின் சாவியைத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மனு கொடுத்தால் ரசீது மட்டும்தான் கையில் மிஞ்சுகிறது. அதனால் இந்த முறை ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலையில் எங்கள் எதிர்வீட்டு ஆச்சி குடத்தோடு விழுந்துவிட்டார். அவருக்கு வயது 68. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்காரர் இரக்கப்பட்டு அவர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், அங்கிருந்துதான் ஆச்சி இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகச் சுமந்து வருகிறார். ஒரு நடைக்கு 340 அடி எடுத்து வைக்க வேண்டும் என்று எண்ணி வைத்திருக்கிறார். காலையில் ஐந்து நடை, சாயங்காலம் நாலு நடை. கொண்டுவந்த தண்ணீரை அப்படியே ஊற்றிவிட மாட்டார். ஒரு சிரட்டையில் மோந்து, ஒரு செடி மூட்டுக்கு ஒரு சிரட்டை என்று வழுதலைக்கும் (கத்தரிக்கும்) வெண்டைக்கும் வேரடியில் மட்டும் விடுவார், மண் குடித்து முடிக்கிற வரைக்கும் குனிந்தபடியே பார்த்துக்கொண்டு நிற்பார், அப்புறம்தான் அடுத்த மூடு. அன்றைக்குச் சானல் (பாசனக் கால்வாய்) படி பக்கத்தில் கால் வழுக்கி முட்டித் தோல் பெயர்ந்து ரத்தம் வந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். அவர் காலைப் பார்க்கவில்லை. "கொண்டுவந்த தண்ணி போச்சே மக்கா" என்றார்.

அவர் விழுந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில்தான் அந்தக் கிணறு இருக்கிறது. அதில் தண்ணீர் இருக்கிறது. கம்பி வலை வழியாக எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிறது. பிள்ளைகள் தவறி விழுந்துவிடக் கூடாது என்று நாங்களே கேட்டுப் போட்ட வலை அது, அதனால் வாளி இறக்கவும் வழியில்லை. மோட்டார் ஓடினால் அரை மணி நேரத்தில் தோட்டம் முழுக்க நனைந்துவிடும். மோட்டாரும் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு பூட்டு. நாங்கள் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் "சாவி அவர்கிட்ட இருக்கு, அவர் மீட்டிங் போயிருக்கார்" என்கிறார்கள். அடுத்த வாரம் போனால் அந்த "அவர்" வேறொருவர். 61 நாளாக ஒரு சாவி எந்த மேசையில் இருக்கிறது என்று ஒரு அலுவலகத்துக்குத் தெரியவில்லை என்றால் நாங்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஜனவரியில் பூட்டியபோதே நாங்கள் சத்தம் போட்டிருக்க வேண்டும். அப்போது சானலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சரி, சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூன் மாசம் முதல் தேதி திறந்து பிப்ரவரி 28-ல் அடைப்பார்கள் என்பது இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் விதை போடுகிற எல்லாருக்கும் தெரியும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. அடைத்த பிறகு மார்ச், ஏப்ரல், மே மூன்று மாசமும் எங்களுக்கு இருக்கிற ஒரே தண்ணீர் இந்தக் கிணறுதான். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை வருகிற வரைக்கும் தாக்குப்பிடிக்க வேறு எதுவும் கிடையாது. கதம்பையை (தேங்காய் மட்டையை) பாத்தியில் புதைத்து வைத்திருக்கிறோம், தென்னை ஓலையைப் போட்டு மண்ணை மூடியிருக்கிறோம். அதெல்லாம் ஊற்றின தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஊற்றாத தண்ணீரைக் கொண்டுவராது.

அந்த 26 சென்ட் முன்னால் எப்படிக் கிடந்தது என்று உங்களில் பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். குப்பைமேடு. கோழிக்கடைக் கழிவிலிருந்து பிள்ளைகளுக்குக் கட்டுகிற டயப்பர் வரைக்கும் எல்லாம் அங்கேதான் வந்து விழுந்தது, மழை பெய்தால் அவ்வளவும் சானலில் இறங்கியது. நாலு வருஷத்துக்கு முன்னால் நீங்களே தீர்மானம் போட்டு, காய்கறித் தோட்டம் போட்டுக்கொள்ளுங்கள் என்று எங்களுக்கு விட்டுக்கொடுத்தீர்கள். அந்த நல்ல காரியத்தை நாங்கள் மறக்கவில்லை. 24 குடும்பம் சேர்ந்து எட்டு மாசம் அந்த மண்ணை அரித்தோம். உடைந்த பாட்டில் கிழித்த தழும்பு என் இடது உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. இப்போது ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வழுதலை, வெண்டை, சீனியவரை, பயறு, தண்டங்கீரை, ஓரத்தில் சேம்பும் மரச்சீனியும், வேலியை ஒட்டி மட்டி வாழையும் நிற்கிறது. அந்த 24 வீடுகளில் பெரும்பாலும் கூலிவேலைக்குப் போகிற வீடுகள். சந்தையில் காய் விலை ஏறுகிற நாளில் இந்தத் தோட்டத்துப் பயறும் கீரையும்தான் துவரனாக அடுப்பில் இருக்கும்.

ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன். தண்ணீர் நின்றதால் செடி மட்டும் காயவில்லை, உரக்குழியும் நின்றுவிட்டது. எங்கள் தெருக்களில் வீட்டுக் கழிவைப் பிரித்து, மக்குகிற குப்பையைத் தோட்டத்துக் குழியில் கொண்டுவந்து போடுவது பழக்கமாகிவிட்டது. காய்த்தோல், மீன் கழுவின மிச்சம், சருகு, மேலே கொஞ்சம் சாணிக் கரைசல் என்று அடுக்கி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, ஈரம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாசத்தில் கறுத்து உதிரியான உரமாகிவிடும். கையில் எடுத்துப் பிடித்தால் பிழிந்த துணி மாதிரி ஈரம் இருக்க வேண்டும். அது காய்ந்தால் மக்குவது அப்படியே நின்றுவிடும், எறும்பு ஏறும், எலி வரும். இப்போது இரண்டு குழியிலும் எறும்புதான். குழி நிறைந்துவிட்டதால் ஜனங்கள் பையில் கட்டி மறுபடியும் சானலில் வீச ஆரம்பித்துவிட்டார்கள். நாலு வருஷம் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிச் சொல்லிப் பழக்கினது, இரண்டு மாசத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஜூனில் தண்ணீர் திறக்கும்போது அந்தப் பைகள் எல்லாம் மடையில் வந்து அடைக்கும், அப்போது நீங்கள் ஜேசிபி வைத்து அள்ளுவீர்கள். அந்த ஒரு நாள் வாடகை, இந்த மோட்டாருக்கு ஆகும் கரண்ட் செலவைவிடப் பல மடங்கு இருக்கும்.

கரண்ட் செலவைப் பற்றியும் பேசிவிடுகிறேன், ஏனென்றால் பூட்டியதற்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்ட காரணம் அதுதான். மாசம் வீட்டுக்கு 50 ரூபாய் என்று வசூலித்து உங்கள் அலுவலகத்தில் கட்டிக்கொண்டுதான் இருந்தோம், ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்திருக்கிறேன். போதாது என்றால் 100 ஆக்குங்கள், கட்டுகிறோம். தனி மீட்டர் வைக்கச் சொன்னாலும் சம்மதம். எதையாவது எழுத்தில் சொல்லுங்கள். எழுத்தில் ஒரு வரி இல்லாமல், முன்னால் ஒரு வார்த்தை சொல்லாமல், பகல் பதினொரு மணிக்கு இரண்டு பேர் வந்து பூட்டிவிட்டுப் போனது எங்களுக்குப் பெரிய வருத்தம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். அது "உரிய நடவடிக்கைக்காக" உங்களிடமே திரும்பி வந்திருக்கிறது. நடவடிக்கை எடுக்க வேண்டியவர்களும் நீங்கள்தான், பூட்டியவர்களும் நீங்கள்தான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. குளத்தங்கரையில் வைப்பதற்காக 240 மரக்கன்று வளர்த்து வைத்திருந்தோம், புன்னை, நீர்மருது, இலுப்பை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சனிக்கிழமை தோறும் வந்து பையில் மண் நிரப்பிக் கொடுத்த கன்றுகள். ஜூன் மழையில் நடுவதாகத் திட்டம். நேற்று எண்ணிப் பார்த்தேன், 93 கன்று காய்ந்துவிட்டது. புன்னை இலை எவ்வளவு தடிப்பாக, எண்ணெய் தடவின மாதிரி இருக்கும் என்று தெரியும்தானே, அது ஓரத்திலிருந்து பழுப்பேறிச் சுருண்டு, தொட்டால் நொறுங்குகிறது. போன சனிக்கிழமை ஒரு சின்னப் பையன் தன் பெயர் எழுதி வைத்திருந்த பையைத் தேடி எடுத்து, செத்த கன்றைப் பிடுங்காமல் அப்படியே திரும்ப வைத்துவிட்டுப் போனான். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்று எல்லா அலுவலகமும் மரம் நடுகிறது, போட்டோ எடுக்கிறது. நட்ட மரத்துக்கு ஜூன் 6-ஆம் தேதி யார் தண்ணீர் ஊற்றுவது என்று யாரும் கேட்பதில்லை. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைக்கு 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது, இந்த மாவட்டத்துக்கே பெருமை, எனக்கும் பெருமைதான். ஆனால் ஊருக்குள் ஓடும் ஒவ்வொரு சானலும் ஓடையும் குப்பையைச் சுமந்துகொண்டு போகிறது. மேற்கே மலையை உடைத்து லாரி லாரியாக எல்லை தாண்டி ஏற்றிக்கொண்டு போகிறார்கள், குளங்களைத் தூர்த்து மனை போடுகிறார்கள். அதையெல்லாம் தடுக்கக் கேட்டால் அதிகாரம் இல்லை, ஆள் இல்லை என்கிறார்கள். குப்பைமேட்டைத் தோட்டமாக்கின 24 வீட்டுக்காரர்களைத் தடுக்க மட்டும் ஆளும் பூட்டும் உடனே கிடைக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

கோபத்தைக் காட்ட வரவில்லை, கேட்க வந்தேன். உங்களோடு சண்டை போட எங்களுக்கு விருப்பம் இல்லை, நேரமும் இல்லை. தோட்டம் உங்கள் இடம், கிணறு உங்கள் கிணறு, மோட்டாரும் நீங்கள் வாங்கிக் கொடுத்ததுதான். தயவுசெய்து அந்த மோட்டார் புரையின் சாவியைத் தாருங்கள். எங்களிடம் கொடுக்க விதியில் இடமில்லை என்றால் உங்கள் துப்புரவுப் பணியாளர் ஒருவரிடம் கொடுங்கள், காலையில் அரை மணி நேரம் திறந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போகட்டும், அதுவே போதும்.

வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம். மூன்று வருஷத்து ரசீதுகளும் தீர்மானத்தின் நகலும் கொண்டுவருவேன். முட்டியில் கட்டோடு ஆச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. அதற்குள் சாவியைத் தேடி எடுத்து வைத்திருந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சானல்கரைத் தோட்டத்துக் குடும்பங்களில் ஒருத்தி