ரிவ்யூவுக்கு முதல்நாள் லேபைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய துறைத்தலைவர் அவர்களுக்கும் லேப் பொறுப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் லேபில் நடந்த புராஜெக்ட் ரிவ்யூவில் நீங்கள் இருவரும் இருந்தீர்கள். என் தோழியின் திரையில் எக்ஸ், ஒய் அச்சுகள் மட்டும் வந்து நின்றன. "அவுட்புட் வரவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டீர்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயை, ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறி இறங்குவதோடு சேர்த்து நகரும் படமாக, பைத்தான் மொழியில் படம் வரைய உதவும் மேட்பிளாட்லிப்பில் வரைந்திருந்தாள். அவள் அப்பா அங்கே இறால் பிடிக்கிறவர். வீட்டில் லேப்டாப் இல்லை. மூன்று வாரம் போனில் கொலாபைத் (பிரவுசரிலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் தளம்) திறந்து கட்டைவிரலால் அடித்த புரோகிராம் அது. கொலாபில் ஓடியது, நானே பார்த்தேன்.

கொலாபில் ஃபங்ஷனுக்குள்ளேயே (புரோகிராமில் தனிப் பெயரிட்ட ஒரு பகுதி) அனிமேஷனை, பிரவுசரில் ஓடும் ஹெச்டிஎம்எல் ஆக்கியிருந்தாள். லேபில் தனி ஃபைலாக ஓட்டியபோது ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் விண்டோ திறந்தது. படத்தை நகர்த்துகிற ஃபங்க்அனிமேஷனைப் பிடித்து வைக்க ஒரு வேரியபிள் (பெயர்) இல்லாததால், அதற்குள் பைத்தான் அதை அழித்துவிட்டது. ஃபங்ஷனிலிருந்து அதை வெளியே அனுப்பி (ரிட்டர்ன்) ஒரு பெயரில் வைத்திருந்தால் போதும், இரண்டு வரி வேலை. சரி, வீடியோவாகவாவது காட்டலாம் என்று எம்பி4-ல் சேமிக்கப் பார்த்தாள். அந்த சிஸ்டத்தில் வீடியோ உருவாக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் இல்லை. மேட்பிளாட்லிப் அதற்குப் பதில் பில்லோ என்ற பட மென்பொருளுக்கு மாறியது, பில்லோவுக்கு எம்பி4 தெரியாது, எரர். ஜிஃப் (நகரும் படக் கோப்பு) என்று கொடுத்திருந்தால் சேமித்திருக்கும். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கை நடுங்கும்போது இது யாருக்குத் தோன்றும்?

முதல்நாள் அரைமணி நேரம் கிடைத்திருந்தால் தோன்றியிருக்கும். கேட்டோம். நான்கு மணிக்குப் பூட்டியாகிவிட்டது என்றார்கள்.

இன்ஸ்பெக்ஷன் வருகிற வாரம் மட்டும் அதே லேப் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கிறது. சிஸ்டங்களைத் துடைத்து வைப்பதும் நாங்கள்தான். எங்கள் சொந்த வேலைக்குத்தான் சாவி கிடைப்பதில்லை. காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வருகிற பல பேருக்கு வேறு கம்ப்யூட்டரே கிடையாது ஐயா.

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: ரிவ்யூ நடக்கப்போகிற அதே சிஸ்டத்தில் முதல்நாள் ஓட்டிப் பார்க்க லேபைத் திறந்துவிடுங்கள். எல்லா சிஸ்டத்திலும் எஃப்எஃப்எம்பெக் போட்டு வையுங்கள். அப்புறம், என் தோழிக்கு இன்னொரு முறை பத்து நிமிடம் கொடுங்கள். திருத்திய புரோகிராம் பென்டிரைவில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் நாளில் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவி ஒருத்தி