செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, நிர்வாகக் குழுவினரே, சங்க உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுச்சபை முன் வைக்கிறேன். பொங்கல் விழா, கோடைக்கால விளையாட்டுப் போட்டி, வாணி விழா, தமிழ்ப் பள்ளிப் பரிசளிப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின. அவற்றின் விவரம் உங்கள் கையில் உள்ள தனித்தாளில் இருக்கிறது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை வீட்டு உதவிக் குழுவின் பணிக்கு ஒதுக்குகிறேன். சனிக்கிழமை உதவி மேசைக்கு இவ்வாண்டு வந்தவர்களில் மிகுதியானோர் கேட்டது ஒரே கேள்விதான்: தொடர்மாடி வீட்டின் லீஸை எப்போது நீட்டுவது, எப்படி நீட்டுவது?

கிழக்கு லண்டனில் வாழும் நம் மக்களுக்கு இக்கேள்வி ஏன் இப்போது இவ்வளவு அவசரமாகிறது என்பதை முதலில் சொல்லவேண்டும். நம் மூத்த உறுப்பினர்களில் பலர் 1983க்குப் பின் இந்நாட்டுக்கு வந்தவர்கள். கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், தொடர்மாடிகளில் வாடகைக்கு இருந்து, பிறகு அதே வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கினார்கள். 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் தந்த உரிமை அது. ஆனால் தொடர்மாடியில் அவர்களுக்குக் கிடைத்தது 125 ஆண்டு லீஸ் மட்டுமே. கட்டடமும் நிலமும் கவுன்சிலுடையவை. லீஸ் முடிந்தால் வீடு கவுன்சிலுக்குத் திரும்பும். காணிக்கு உறுதி எழுதி, அது பேரப்பிள்ளைகள் வரை கைமாறுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் மனதில் பதிவதில்லை. லீஸ் பத்திரத்தைக் கோப்பில் வைத்து அலுமாரியில் பூட்டிவிடுகிறோம்.

அந்த 125 ஆண்டு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதைப் பலர் பார்த்ததே இல்லை. ஒரே கட்டடத்தில் முதலில் விற்கப்பட்ட வீட்டின் லீஸ் எந்நாளில் முடிகிறதோ, பின்னால் விற்கும் வீடுகளின் லீஸையும் அந்நாளிலேயே முடியுமாறு எழுதக் கவுன்சிலுக்குச் சட்டம் இடம் தருகிறது. அதாவது, அண்டை வீட்டுக்காரர் 1982இல் வாங்கியிருந்தால், 2001இல் வாங்கிய உங்கள் லீஸும் 1982 முதலே ஓடிக்கொண்டிருக்கலாம்.

வசந்த காலத்தில் மேசைக்கு வந்த ஓய்வுபெற்ற தம்பதியரின் நிலை இதுவே. பச்சைக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். கோப்பின் உறையில் ஐயா பென்சிலால் ‘2126’ என்று எழுதிவைத்திருந்தார். வாங்கியது 2001, அதோடு 125ஐக் கூட்டிய கணக்கு அது. கோப்புக்குள் பராமரிப்புக் கட்டணப் பற்றுச்சீட்டுகள் ஆண்டு வாரியாக, ஒன்றுகூடத் தவறாமல் இருந்தன. லீஸ் மட்டும் வாங்கிய நாளில் சட்டத்தரணி கட்டிய நாடாவோடு அப்படியே இருந்தது. நாடாவை அவிழ்த்துப் பார்த்தால், இரண்டாம் பக்கத்தில் ‘1982 ஏப்ரல் 5 முதல் 125 ஆண்டுகள்’ என்று தட்டச்சில் தெளிவாக இருந்தது. 2107 ஏப்ரலில் லீஸ் முடிந்துவிடும். நூறாண்டுக்கு மேல் இருப்பதாக அவர்கள் நம்பியிருந்த காலத்தில் உண்மையில் மீதம் இருந்தது 82 ஆண்டு.

“தம்பி, எண்பதுக்கு வர இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே. மகளின் கல்யாணம் முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்றார் அம்மா. எங்கள் குழு உறுப்பினர், “அம்மா, கல்யாண அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் லீஸை நீட்டக் கேட்கும் அறிவித்தல் கவுன்சிலுக்குப் போகவேண்டும்” என்றார். அதுவே சரியான ஆலோசனை என்று நானும் கருதுகிறேன். காரணத்தை எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

1993ஆம் ஆண்டின் லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தின்படி, தொடர்மாடி லீஸ்காரர் தம் லீஸில் எஞ்சியுள்ள காலத்தோடு இன்னும் 90 ஆண்டைச் சேர்த்து வாங்கலாம். அதன்பின் நிலவாடகையும் இல்லை. இது நில உரிமையாளரின் தயவில் கிடைப்பதல்ல, நம் உரிமை. அதற்குரிய விலையை நாம் கொடுக்கவேண்டும். விலையை நிர்ணயிப்பதில் 80 ஆண்டு என்ற கோடு இருக்கிறது. எஞ்சிய காலம் 80 ஆண்டுக்கு மேல் இருந்தால், நில உரிமையாளர் இழக்கும் நிலவாடகைக்கும், வீட்டைத் திரும்பப் பெறும் உரிமை தள்ளிப்போவதற்கும் மட்டும் விலை கொடுத்தால் போதும். 80க்கு வந்துவிட்டால் ‘மேரேஜ் வேல்யூ’ என்ற இன்னொரு தொகை சேர்கிறது. லீஸை நீட்டுவதால் வீட்டின் மதிப்பு எவ்வளவு உயர்கிறதோ, அந்த இலாபத்தில் பாதி நில உரிமையாளருக்குப் போகும்.

ஒரு உதாரணக் கணக்கு. நீண்ட லீஸோடு 3,00,000 பவுண் பெறும் வீடு, நிலவாடகை ஆண்டுக்கு 10 பவுண் என்று வைத்துக்கொள்வோம். எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கத் தொடர்மாடி வீடுகளுக்கு வழமையாகக் கையாளும் ஆண்டுக்கு 5 சதவீத விகிதத்தில் கணக்கிட்டால், 82 ஆண்டு மீதம் உள்ளபோது விலை ஏறத்தாழ 5,600 பவுண். அதே வீட்டில் 79 ஆண்டு மட்டும் மீதம் இருந்து, நீட்டாத நிலையில் அதன் மதிப்பு 2,82,000 பவுண் என்று மதிப்பீட்டாளர் சொன்னால், விலை 12,000 பவுணைத் தாண்டுகிறது. மூன்றாண்டுத் தாமதத்துக்கு இருமடங்குக்கு மேல். இதற்கு மேல், எஞ்சிய காலம் குறையக் குறைய வங்கிகள் மோர்கேஜ் (வீட்டுக் கடன்) கொடுக்கத் தயங்கும். விற்க நினைக்கும் நாளில் வாங்க வருபவர்கள் ரொக்கக்காரர்கள் மட்டுமே என்ற நிலை வந்தால், விலையை அவர்களே சொல்வார்கள்.

விலை கணக்கிடும் நாள், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின் கீழ் நாம் அறிவித்தல் கொடுக்கும் நாள்தான். பேச்சுவார்த்தை எத்தனை மாதம் இழுத்தாலும் அந்த நாள் மாறாது. எனவே 80க்கு மேல் இருக்கும்போதே அறிவித்தல் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். பச்சைக் கோப்புத் தம்பதியர் கோடைக்கு முன்பே அறிவித்தல் கொடுத்தார்கள். கவுன்சில் உரிமையை ஏற்றுக்கொண்டது, விலையும் பேசி முடிந்துவிட்டது. இப்போது அந்த வீட்டின் லீஸ் 2197 வரை. ஐயா கோப்பின் உறையில் இருந்த பழைய எண்ணை அழித்துவிட்டு இதைப் பேனாவால் எழுதினார்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்தன என்று சொல்ல முடியவில்லை. இன்னோர் உறுப்பினர் தனியார் நில உரிமையாளரின் கட்டடத்தில் இருப்பவர். சட்டத்தரணியின் கட்டணத்தைச் சேமிக்க எண்ணி, 2024 தொடக்கத்தில் தாமே அறிவித்தல் கொடுத்தார். அதில் பிழையில்லை. குறித்த காலத்துக்குள் பதில் அறிவித்தலும் வந்தது. விலையில் மட்டும் உடன்பாடு இல்லை. நில உரிமையாளரின் முகவர்கள் தொலைபேசியில் மிகுந்த மரியாதையாகப் பேசினார்கள், “அடுத்த மாதம் பார்ப்போம்” என்றார்கள், மாதங்கள் போயின. பதில் அறிவித்தல் வந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்காவிட்டால், நமது அறிவித்தல் கைவிடப்பட்டதாகவே சட்டம் கொள்ளும். மறுபடி அறிவித்தல் கொடுக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும், அதுவரை மறுதரப்புக்கு ஏற்பட்ட நியாயமான செலவையும் நாமே கட்டவேண்டும். அந்தக் காத்திருப்புக் காலத்தில் அவருடைய லீஸ் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. எங்களிடம் அவர் வந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. இரவு வேலை செய்து இரு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய மனிதர் அவர். பல ஆயிரம் பவுண் அவர் கையைவிட்டுப் போனது பெரும் அநியாயம் என்றே நினைக்கிறேன். தீர்ப்பாய விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடரலாம், அதை யாரும் கோபமாக எடுத்துக்கொள்வதில்லை. தயவுசெய்து ஆறு மாதம் முடியும் இந்த ஒரு தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவையுங்கள்.

“புதுச் சட்டம் வந்துவிட்டதே, பொறுத்திருக்கக் கூடாதா?” என்று கேட்டவர்கள் ஏராளம். 2024 மே மாதம் லீஸ்ஹோல்ட், ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது உண்மை. நீட்டிப்பு 90க்குப் பதில் 990 ஆண்டாகும், மேரேஜ் வேல்யூ ஒழியும், மறுதரப்பின் செலவைப் பெரும்பாலும் நாம் கட்டவேண்டியதில்லை என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் இந்தப் பகுதிகள் இவ்வறிக்கைக்குரிய ஆண்டு முடியும்வரை நடைமுறைக்கு வரவில்லை. பெரிய நில உரிமையாளர்கள் அச்சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2025 ஒக்டோபரில் தள்ளுபடி செய்தது. நமக்கு நிம்மதி தரும் தீர்ப்பு அது. என்றாலும் தீர்ப்பு வந்தவுடன் விலை குறைந்துவிடவில்லை.

ஆகவே குழு எடுத்த நிலைப்பாடு இது. 95, 100 ஆண்டு மீதம் உள்ளவர்கள், விற்கும் எண்ணமும் இல்லையென்றால், காத்திருப்பதில் பெரிய நட்டமில்லை. ஏற்கெனவே 80க்குக் கீழே போனவர்கள் மதிப்பீட்டாளரிடம் கணக்குக் கேட்டு, தம் வயதையும் தேவையையும் வைத்து முடிவெடுக்க வேண்டும். மேரேஜ் வேல்யூ ஒழிந்தால் அவர்களுக்குத்தான் அதிக ஆதாயம். 80க்கும் 84க்கும் இடையில் நிற்பவர்கள், வராத சட்டத்தை நம்பி ஒரு மாதமும் வீணாக்கக் கூடாது. நம் மூத்தவர்களின் கவுன்சில் லீஸ்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

2024ஆம் ஆண்டுச் சட்டத்தில் நடைமுறைக்கு வந்த பகுதி ஒன்று நம் இளையோருக்கு உதவியது. வீட்டை வாங்கி இரண்டாண்டு கழிந்த பிறகே லீஸை நீட்டக் கேட்கலாம் என்ற பழைய விதி 2025 ஜனவரி 31 முதல் நீங்கிவிட்டது. 81 ஆண்டு மீதமுள்ள வீட்டை வாங்கிய இளம் தம்பதியர், காணிப் பதிவகத்தில் தம் பெயர் ஏறியதும் அறிவித்தல் கொடுத்தார்கள். பெயர் ஏறும்வரை கொடுக்க முடியாது, பதிவுக்கு மாதக்கணக்கிலும் ஆகலாம். ஆகவே 80 ஆண்டுக் கோட்டுக்கு மிக அருகில் உள்ள வீட்டை வாங்குபவர்கள், விற்பவரையே அறிவித்தல் கொடுக்கச் செய்து, அதன் உரிமையைத் தம் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்வது நல்லது.

நில உரிமையாளர் தாமாகவே அனுப்பும் ‘சலுகை’க் கடிதங்கள் பற்றியும் சொல்லவேண்டும். குறைந்த விலை போலத் தோன்றும். உள்ளே பார்த்தால் காலம் 99 ஆண்டாக மட்டும் உயரும், பழைய லீஸ் காலம் முடியும்வரை நிலவாடகையும் தொடரும். 90 ஆண்டு கூடுதலாகவும், நிலவாடகை இன்றியும் பெற உரிமை இருக்கும்போது, இதில் கையெழுத்திடுமுன் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

குழுவின் எல்லையையும் பதிவுசெய்கிறேன். நாங்கள் சட்ட ஆலோசனை கொடுப்பதில்லை. லீஸின் தேதியை வாசித்துச் சொல்கிறோம், மொழிபெயர்க்கிறோம், உரிய இடத்துக்கு அனுப்புகிறோம். அரசின் உதவியோடு இயங்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் இலவசமாக ஆலோசனை தருகிறது. அதன்பின் லீஸ் வேலையில் பழகிய சட்டத்தரணியும், ஆர்.ஐ.சி.எஸ். என்ற தொழில்சார் அமைப்பின் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரும் கட்டாயம் வேண்டும். அறிவித்தலில் எழுதும் தொகை நியாயமானதாக இருக்கவேண்டும். நம்ப முடியாத சிறு தொகையை எழுதினால் அறிவித்தலே செல்லாமற்போகும். ஒரே கட்டடத்தில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரே மதிப்பீட்டாளரை அமர்த்தியபோது செலவு குறைந்ததையும் இவ்வாண்டு கண்டோம்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு இரண்டு முன்மொழிவுகளை வைக்கிறது. முதலாவது, விருப்பமுள்ள உறுப்பினர்களின் லீஸ் தொடங்கும் நாளையும் 80 ஆண்டைத் தொடும் நாளையும் குறிக்கும் ஏடு ஒன்றைச் சங்கம் பேணும். அந்நாளுக்கு மூன்றாண்டு முன்பே அவர்களுக்குக் கடிதம் போகும். லீஸ் பத்திரம் கைவசம் இல்லாதவர்கள் காணிப் பதிவகத்தின் இணையத்தளத்தில் 7 பவுண் கட்டித் தம் வீட்டின் பதிவேட்டுப் பிரதியைப் பெறலாம். லீஸின் நாளும் காலமும் அதிலேயே இருக்கும். ஆங்கிலம் வாசிக்க இயலாத மூத்தோருக்கு அந்த 7 பவுணையும் சங்கமே ஏற்கும். இரண்டாவது, தமிழ்ப் பள்ளி நடக்கும் நேரத்தில் பெற்றோருக்காக மாதம் ஒருமுறை உதவி மேசை போடப்படும். பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய் தந்தையரே தம் பெற்றோரின் கோப்பைத் திறந்து பார்க்க வல்லவர்கள்.

உதவி மேசையில் இருந்து உழைத்த குழு உறுப்பினர்களுக்கும், கட்டணம் வாங்காமல் இரு மாலைகள் வந்து விளக்கம் தந்த சட்டத்தரணிக்கும், மண்டபத்தைத் தந்துதவிய ஆலய நிர்வாகத்துக்கும், தேநீரும் வடையும் தந்த மகளிர் அணியினருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று, இரு முன்மொழிவுகளையும் நிறைவேற்றித் தருமாறு பொதுச்சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

நிர்வாகக் குழு சார்பில்,
செயலாளர்