குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் குடியிருப்போரே, அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள், சேரக் காத்திருந்து, பத்து மணிக் கூட்டத்தைப் பன்னிரண்டுக்குத் தொடங்கினோம். இந்த ஆண்டு மதியச் சாப்பாடும் உண்டு என்று அழைப்பிதழிலேயே போட்டிருக்கிறோம்.

இந்த ஆண்டில் நான்கு மூத்த உறுப்பினர்களை இழந்தோம். அவர்களில் இருவர், 1986இல் வீட்டுவசதி வாரியத்தின் குலுக்கலில் மனை கிடைத்து, தெருவிளக்கு வருவதற்கு முன்பே இங்கே குடிவந்தவர்கள். அவர்களுக்கு நம் அஞ்சலி.

வழக்கமான நிகழ்ச்சிகள்: சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டிலும் கொடி ஏற்றப்பட்டது. கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. டெங்கு காலத்தில் இரண்டு முறை புகை மருந்து அடிக்கப்பட்டது. பொங்கல் விளையாட்டுப் போட்டி நடந்தது; உறியடியில் பானை கடைசிவரை உடையவில்லை. செயற்குழு பன்னிரண்டு முறை கூடியிருக்க வேண்டும். ஏழு முறை கூடியது. அதில் மூன்று முறைதான் கோரம் இருந்தது. இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி வண்டிப்பேட்டை விஷயம்.

மூன்றாவது குறுக்குத்தெரு முனையில் கம்பிவேலிக்குள் கிடக்கும் காலியிடத்தை எல்லோருக்கும் தெரியும். சந்தைக்கு வந்த மாட்டுவண்டிகளை அவிழ்த்துவிட்ட இடம். வண்டிகள் நின்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அங்கே இருப்பவை சீமைக்கருவேலம், வீடு இடித்த கல்மண், இருட்டிய பிறகு பாட்டில்கள், அப்புறம் நம் உறுப்பினர்களின் பதினான்கு கார்கள். கார்களை நானே எண்ணினேன். எண்ணியதற்காக ஒருவர் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

சென்ற ஜூன் மாத நகர்மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் அந்த இடம் வந்தது. 42 சென்ட் நிலத்தை, பத்திரப்பதிவுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பில், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு விற்பது, வாரியம் அங்கே தரைத்தளமும் மூன்று மாடியுமாக 64 வீடுகள் கட்டுவது என்பது தீர்மானம். நம் வாட்ஸ்அப் குழு அன்று இரவு தூங்கவில்லை. 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று பெயர் கொண்டிருந்த அதே வாரியம்தான் இது. குழுவில் எல்லோரும் பழைய பெயரைத்தான் எழுதினார்கள். அந்தப் பெயரின் முதல் சொல்தான் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். வழக்குப் போடலாம், மறியல் செய்யலாம், எம்.எல்.ஏ.வைப் பார்க்கலாம் என்று ஆலோசனைகள் குவிந்தன. சரி, நாளைக் காலை நகராட்சி அலுவலகத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். நான்கு கும்பிடும் ஒரு கட்டைவிரலும் வந்தன. ஆள் வரவில்லை.

தனியாகத்தான் போனேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு கொடுத்தேன். ஒன்று நகராட்சிக்கு, அந்த இடத்தின் நில அளவைப் பதிவேட்டு நகலும் புலப்படமும் கேட்டு. இன்னொன்று நகர் ஊரமைப்புத் துறைக்கு, நம் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் கேட்டு. முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். ஒன்று இருபத்தெட்டாம் நாள் வந்தது. மற்றதற்கு மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது, அதற்கும் நான்தான் போனேன்.

வரைபடம் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வேலிக்குள் இருப்பது ஒரு நிலம் அல்ல, இரண்டு. 31 சென்ட் வண்டிப்பேட்டை, அது நகராட்சியின் சொந்தச் சொத்து. மீதி 11 சென்ட், நம் மனைப்பிரிவு போட்டபோது சிறுவர் பூங்காவுக்கு என்று பச்சை நிறம் தீட்டி, நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. யாரோ ஒரு காலத்தில் சிக்கனமாக ஒரே வேலி போட்டுவிட்டார்கள். வேலியைப் பார்த்துத்தான் தீர்மானம் எழுதியிருக்கிறார்கள்.

இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. தன் சொந்த இடத்தை நகராட்சி விற்கலாம். அதற்கும் மன்றத் தீர்மானம் மட்டும் போதாது, அரசின் அனுமதி வேண்டும். ஆனால் மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய திறந்தவெளியை விற்கவும் முடியாது, வேறு காரியத்துக்கு மாற்றவும் முடியாது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991இல் ரத்து செய்தது. பெங்களூர் மருத்துவ அறக்கட்டளை வழக்கு என்று கேட்டால் எந்த வக்கீலும் சொல்வார். மருத்துவமனையும் நல்ல காரியம்தான், ஆனாலும் பூங்கா பூங்காதான் என்பது அதன் சாரம். இன்று 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரிப்பவர், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்று விதி இருப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே நான் எடுத்த நிலை இது: 11 சென்ட்டைத் தொடக்கூடாது, 31 சென்ட்டை விற்பதற்கு ஆட்சேபணை இல்லை. இந்த இரண்டாவது பாதிக்காகத்தான் ஓர் ஆண்டாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

நம் காலனி எப்படி வந்தது? வீட்டுவசதி வாரியம் நலிந்த பிரிவு, குறைந்த வருவாய், நடுத்தர வருவாய் என்று பிரித்து மனையும் சிறு வீடுமாகத் தவணையில் கொடுத்தது. அதற்கும் முன்னால், 1977இல் உலக வங்கிக் கடனில் சென்னையில் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனையும் அடிப்படை வசதியும் மட்டும் செய்து கொடுத்தார்கள். குழாயும் கழிப்பறையும் அரசு தரும், மிச்ச வீட்டைக் கையில் காசு சேரச்சேர அவரவர் கட்டிக்கொள்ள வேண்டியது. பெரிய மனையையும் கடை மனையையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள். இன்று அந்தத் தெருக்களில் மாடிமேல் மாடி நிற்கிறது. நம் தெருவிலும் அதே கதைதான். நான் இருப்பது குறைந்த வருவாய்ப் பிரிவு வீடு. என் அப்பா கட்டிய தவணை அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. நாம் குடிவந்தபோது, ‘காலனிக்காரர்கள் வந்து ஊரைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று பழைய ஊர்க்காரர்கள் சொன்னதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

‘ஏழைகளுக்கு வீடு கட்டட்டும், ஊருக்கு வெளியே கட்டலாமே’ என்று ஒருவர் எழுதினார், இருபத்திரண்டு பேர் அதற்கு இதயம் போட்டார்கள். வெளியே கட்டினால் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே பார்த்தாயிற்று. சென்னைக்குள் இருந்தவர்களை 2000 முதல் கண்ணகி நகருக்கும், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். வீடு கிடைத்தது. வேலை இருந்தது பழைய இடத்தில். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பலர் பஸ் கட்டணமும் நேரமும் தாங்காமல் வேலையை விட்டார்கள், பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். ஊருக்குள் இருக்கும் 31 சென்ட் என்பது அதனால்தான் முக்கியம். நம் வாய்க்கால் கரையில் தகரம் போட்டு இருக்கும் குடும்பங்களில் பாதிப் பேர் நம் வீடுகளில்தான் வேலை செய்கிறார்கள். காலை ஆறு மணிக்கு அவர்கள் வரவில்லை என்றால் இதே குழுவில் என்னென்ன செய்தி வரும் என்று எனக்குத் தெரியும்.

பொது ஏலம் விட்டால் நகராட்சிக்குக் கூடுதல் பணம் கிடைக்குமே என்ற கேள்வி நியாயமானது. கிடைக்கும். ஆனால் ஏலத்தில் எடுப்பவர் அடுக்குமாடி கட்டுகிறவராகத்தான் இருப்பார், போட்ட விலைக்கு ஏற்றபடிதான் விற்பார். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பவர் அந்த வாசலைக்கூட மிதிக்க முடியாது. மத்திய அரசு வீட்டுக்கு 1.5 லட்சம் தருகிறது, மாநில அரசு ஒரு பங்கு போடுகிறது, மீதியைப் பயனாளி கட்ட வேண்டும். நிலத்தின் விலையும் அவர் தலையில் ஏறினால் கணக்கு உதைக்கும். நிலத்தை மலிவாகக் கொடுப்பதுதான் இதில் நகராட்சி செய்யக்கூடிய உதவி. ஒரு முறை விற்ற பொது நிலம் திரும்ப வராது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் நகராட்சிக்கு எழுதிய ஆட்சேபணைக் கடிதத்தில் நிபந்தனைகள் கேட்டேன்: 11 சென்ட்டை அளந்து தனி வேலி போட வேண்டும், வீடு ஒதுக்கும்போது இதே வார்டின் வாய்க்கால் கரைக் குடும்பங்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் முன்னுரிமை, பாதாளச் சாக்கடை இணைப்பு கொடுத்த பிறகே குடியேற்றம், பாதை மெயின்ரோட்டுப் பக்கம்.

இந்தக் கடிதத்தைச் செயற்குழுத் தீர்மானம் இல்லாமல் சங்கத்தின் லெட்டர்பேடில் அனுப்பினேன் என்பது என்மீதுள்ள குற்றச்சாட்டு. உண்மைதான். தீர்மானம் போட ஆறு பேர் வேண்டும், அந்த வாரம் மூன்று பேர் வந்தார்கள், ஆட்சேபணை தெரிவிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பின்னேற்பு, அதாவது அனுப்பியதற்குச் செயற்குழுவின் ஒப்புதல், அடுத்த மாதமே பெறப்பட்டது. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வரி இதற்காகத்தான்.

நகர்மன்றக் கூட்டத்தில் நாம் பேச முடியாது, வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் பேசலாம். அந்தத் தேதியை மூன்று முறை குழுவில் போட்டேன், நோட்டீஸ் அடித்து வீடுவீடாகக் கொடுத்தேன். நம் சங்கத்திலிருந்து வந்தது ஐந்து பேர். வாய்க்கால் கரையிலிருந்து நாற்பது பேருக்கு மேல் வந்து, அதில் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். ‘எதிர்க்கிறவங்க யாரு, முகத்தையாவது காட்டுங்க’ என்று ஒரு அம்மா கேட்டார். காட்ட எங்களிடம் முகம் இல்லை.

அப்புறம் அளவையர் வந்து அளந்தார். பூங்கா நிலத்துக்குள் நம் உறுப்பினர் ஒருவரின் காம்பவுண்டுச் சுவர் மூன்றடி உள்ளே நிற்பது தெரிந்தது. பெயர் சொல்லப்போவதில்லை. ‘பொது நிலத்தைக் காப்போம்’ என்று குழுவில் அதிகம் எழுதியவர் அவர். இப்போது குழுவில் இல்லை.

கடைசியில் நகர்மன்றம் தீர்மானத்தைத் திருத்தியது. விற்பது 31 சென்ட் மட்டும், வீடுகள் 48. பூங்கா இடம் பிரிக்கப்பட்டது. முன்னுரிமை பற்றி ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதியிருக்கிறார்கள், அந்தச் சொல்லின் எடை உங்களுக்கே தெரியும். கோப்பு இப்போது அரசின் அனுமதிக்குப் போயிருக்கிறது. கார் வைத்திருப்பவர்கள் இப்போதே வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது.

கணக்கு: தணிக்கை செய்த விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்க்கலாம். வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. இதர செலவுகள் கூடுதலாகத் தெரிவது ஜெராக்ஸ், ஆட்டோ, நகல் கட்டணம் வகையில். ஆட்டோவில் பாதியை நான் எழுதவே இல்லை.

சந்தா மாதம் 50 ரூபாய். 168 உறுப்பினர்களில் ஆண்டு முழுவதும் கட்டியவர்கள் 97. மூன்று ஆண்டாகக் கட்டாதவர்கள் 31 பேர், சென்ட் கணக்கும் 31 என்பது தற்செயல். விதிப்படி இவர்களுக்கு இன்று வாக்கு இல்லை. ஆனால் அந்த விதியைப் படித்தால் மேடையிலேயே இருவர் எழுந்து போக வேண்டியிருக்கும் என்பதால் படிக்கவில்லை. வசூலுக்குப் போனால் ‘வண்டிப்பேட்டையை வித்தீங்களே, அந்தக் காசுல எடுத்துக்குங்க’ என்கிறார்கள். நான் விற்கவில்லை ஐயா. விற்பது நகராட்சி.

தலைவருக்கும் பொருளாளருக்கும் நன்றி. கொடியேற்றத்துக்கு மிட்டாய் வாங்கித்தந்தவருக்கும், இந்த மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்த கோயில் நிர்வாகத்துக்கும் நன்றி. பகுதி சபைக்கு வந்த அந்த நான்கு பேருக்குத் தனி நன்றி, ஐந்தாவது நான்.

வரும் ஆண்டு 11 சென்ட்டில் பூங்கா வர வேண்டும். வேலி போட்டு மரம் வைக்காவிட்டால் இரண்டே வருடத்தில் இன்னொரு சுவர் உள்ளே வந்துவிடும். நகராட்சி நிதி வரும்வரை நாமே தொடங்க, வீட்டுக்கு 500 ரூபாய் என்று செயற்குழு யோசித்திருக்கிறது. முடிவு உங்களுடையது. ஆறு ஆண்டாகச் செயலாளராக இருக்கிறேன், முட்டி வலி, வீட்டிலும் போதும் என்கிறார்கள். இந்த முறை நான் விண்ணப்பிக்கவில்லை. கோப்பு 240 பக்கம், தேதி வாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்தால் இன்றே கையோடு ஒப்படைக்கத் தயார். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் நேற்று. மனு எதுவும் வரவில்லை. தலைவர் அனுமதித்தால் சாப்பாட்டுக்குப் பிறகும் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்